முகட்டுக் காக்காவும் நடந்து வந்த கூரையும்

எழுபதுகளில் கல்முனையில் நடந்த கலியாணங்களில் பாதி அல்லாஹ்வின் நாட்டப்படி நடந்தவை. மற்றப் பாதியும் அப்படித்தான், ஆனால் அவற்றைத் தான் நடத்தியதாக முகட்டுக் காக்கா சொல்லிக்கொண்டு திரிவார்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. கேட்டவர்களுக்கெல்லாம் ஒவ்வொரு பெயர் சொன்னார் என்பதால் அவருக்கும் அது நிச்சயமில்லை என்றுதான் நினைக்கிறேன். தொழில், கலியாணத் தரகு. வாகனம், ஒரு பழைய சைக்கிள். அதற்கு மணி கிடையாது. எப்போதோ செத்துப்போன ஒரு லொறியில் இருந்து கழற்றிய ரப்பர்க் குமிழ் ஹோன் ஒன்று கைப்பிடியில் கட்டியிருக்கும். அதை அமுக்கினால் மார்க்கட்டில் நிற்கிற மாடுகூட ஒதுங்கும். காக்கா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன். கறுப்புப் பறவையை நினைத்துக்கொண்ட வெளியூர் வாசகர்களையும் நான் பிழை சொல்ல மாட்டேன். ஆள் மெலிவு, நிறம் கறுப்பு, கழுத்தைச் சரித்து மேலே பார்க்கிற பார்வை.

அந்தப் பார்வைதான் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. யார் வீட்டுக்குப் பெண் கேட்டுப் போனாலும், செருப்பைக் கழற்றும் முன்பே அண்ணாந்து கூரை முகட்டைப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் சலாம். மாப்பிள்ளை வீட்டுக்கு வந்து அவர் பெண்ணைப் பற்றிச் சொல்வதும் அந்த ஒழுங்கில்தான் இருக்கும். என் நண்பன் ஒருவனின் வாப்பா அவரிடம் பட்ட பாட்டை நான் பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறேன்.

"பிள்ளை எப்பிடி, காக்கா?"

"ஓடு போட்டிரிக்கி."

"நான் பிள்ளையக் கேட்டன்."

"ரெண்டு அறை, ஒரு மண்டபம். கிணத்துத் தண்ணி உப்பில்ல."

"பிள்ளை, காக்கா. பிள்ளை."

"அவவும் அந்த வீட்டுக்குள்ளதான் இரிக்கா."

சிரிக்க வேண்டாம். எங்கள் கரையில் வீடு என்பது பெண்ணுக்குரிய பொருள். மகளுக்குக் கலியாணம் என்றால் பெற்றவர்கள் இருக்கிற வீட்டை அவளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, பின் வளவில் ஒரு குடிலைப் போட்டுக்கொண்டு ஒதுங்குவார்கள். இரண்டாவது மகள் வந்தால் அந்தக் குடில் வீடாக வளரும், அவர்கள் இன்னும் பின்னால் போவார்கள். எங்கள் வீட்டை மூத்தவளான என் ராத்தாவுக்குக் கொடுத்துவிட்டு வாப்பாவும் உம்மாவும் குசினிக்குப் பக்கத்துச் சாய்ப்பில் இருந்தார்கள். இன்னொரு மகள் பிறந்திருந்தால் கிணற்றுக்குள் இறங்கியிருப்பார்கள். ஆண்பிள்ளைக்கு? அவனுக்கு ஒரு தொப்பி. பிறந்ததில் இருந்து உம்மாவின் வீட்டில் இருப்பான், கலியாணம் முடித்தால் பெண்சாதியின் வீட்டில் இருப்பான். ஆகவே முகட்டுக் காக்கா மேலே பார்த்தது பைத்தியத்தால் அல்ல. ஒரு மனிதனை ஆயுள் முழுக்க எதற்குக் கீழே கொண்டுபோய் வைக்கப்போகிறோம் என்று பார்த்தார்.

ஆனால் அவருக்குக் கூரை பற்றி ஏதோ பெரிய ஞானம் இருந்தது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. மார்க்கட்டுக்குப் பின்னால் ஒரு டொக்டர் வீடு கட்டினார். காக்கா போய் அண்ணாந்து பார்த்துவிட்டு, "டொக்டர், இது ஒரு நல்ல தும்மலுக்கு நிக்காது" என்றார். எழுபத்தெட்டில் சூறாவளி வந்தபோது அந்தத் தெருவில் மிஞ்சிய ஒரே கூரை டொக்டருடையது. பறந்தவற்றில் முதலாவது, உம்மா விட்டுப்போன வீட்டில் இருந்த காக்காவுடையது.

அவருடைய கூரை காரைதீவுப் பக்கம் ஒரு வயலில் கிடப்பதாகத் தகவல் வந்தது. போய்ப் பார்த்தால் அங்கே நாலைந்து கூரைகள் கிடந்தன. வயற்காரர் வரம்பில் நின்று, "இதில எது உங்கட, காக்கா?" என்று கேட்டிருக்கிறார். காக்கா ஒவ்வொன்றுக்கும் கீழே சேற்றில் மல்லாந்து படுத்து, மேலே பார்த்து, எழும்பி, அடுத்ததுக்குப் போயிருக்கிறார். மூன்றாவதின் கீழே கிடந்துகொண்டு, "ஓம், இது என்டதான்" என்றாராம். கீழிருந்து பார்த்தால்தான் அவருக்கு அடையாளம் தெரியும். வயற்காரர் சிரித்த சிரிப்பில் தன் மாட்டு வண்டியையே கொடுத்தனுப்பினார். கூரையில் நல்லதாக மிஞ்சியது முகட்டு வளை ஒன்றுதான். அந்த ஒற்றை மரத்தைக் கொண்டுவந்து, கூரையில்லாத தன் அறைக்குள் நீட்டிப் போட்டுவிட்டு, ஒரு தகரத் துண்டுக்குக் கீழே அவர் இருந்தார்.

சூறாவளிக்குப் பிறகு ஊர் தலைகீழானது. பள்ளிக்கூடங்களில் குடும்பங்கள் இருந்தன. ஐந்தாம் வகுப்பில் சமையல், ஆறாம் வகுப்பில் குடித்தனம். நின்ற வீட்டுக்காரர்கள் ராசாக்கள் ஆனார்கள். போன மாதம்வரை ஒழுகிய அறைக்கு இந்த மாதம் இரண்டு மடங்கு வாடகை. இதில் யாருக்கும் தெரியாமல் இன்னொன்றும் நின்றுபோயிருந்தது. கலியாணம். கொடுக்க வீடு இல்லை என்றால் குமர்ப்பிள்ளையை எப்படிக் கொடுப்பது? முகட்டுக் காக்கா சைக்கிளை உருட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போவார், அண்ணாந்து பார்ப்பார், வானம்தான் தெரியும்.

அந்த நேரத்தில்தான் அவர் என்னைத் தேடி வந்தார். நான் அப்போது நீர்ப்பாசனக் கந்தோரில் கிளாக்கர். வாய்க்கால்களைக் காகிதத்தில் ஓடவிடுகிற உத்தியோகம்.

"மனே, ஒனக்கு ஒரு பிள்ளை பாத்திரிக்கன். பேர் ஜெமீலா. குணமான பிள்ளை. சிரிச்சா வளவு நிறையும். நல்லாக் கதைக்கும், நல்லா ஆக்கும்."

இந்த மனிதர் பெண்ணைப் புகழ்கிறார். ஓடு இல்லை, அறை இல்லை, கிணறு இல்லை, நேரே பெண்ணைப் புகழ்கிறார்.

"காக்கா," என்றேன், "வீடு?"

"ஓதவும் தெரியும். தையல் மிசினும் இரிக்கி."

"காக்கா, வீடு."

அவர் கந்தோர்க் கூரையை அண்ணாந்து பார்த்தார். "வாடகை வீடு மனே. அதுவும் ஹஜ்ஜுப் பெருநாள் வரைக்குந்தான்."

விசயம் இதுதான். ஜெமீலாவின் வாப்பா மவுத்தாகி அடக்கமாகிச் சில வருடங்கள். உம்மா பல்கீஸ், மூன்று குமர்கள். அவர்கள் இருந்த வீடு மில் ஹாஜியாருடையது. நெல் குத்துகிற மில் வைத்திருந்தவர். கெட்ட மனிதர் அல்ல. அவருக்கும் மூத்த மகளுக்குக் கலியாணம் பேசியாயிற்று, அவளுக்கென்று கட்டிய வீட்டின் கூரையைச் சூறாவளி கொண்டுபோயிற்று. ஆகவே பல்கீஸ் மாமியின் வீட்டை எடுத்து மகளுக்குக் கொடுக்க வேண்டும். பெருநாளோடு வீட்டைப் பூட்டித் திறப்பைத் தந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். ஊரில் வேறு வாடகை வீடு அந்த நாலு பெண்களுக்கு எட்டுகிற விலையில் இல்லை. பள்ளிக்கூடத்திலும் இடமில்லை, ஐந்தாம் வகுப்பில் ஏற்கெனவே நெருக்கடி.

எனக்கு அன்று பின்னேரமே காய்ச்சல் வந்தது. மனசுக்குள் பொலன்னறுவைக்கு இடமாற்றம் கேட்டு விண்ணப்பித்தேன். ஒரு வாரம் யோசித்து, நானே நேரில் போய்ப் பக்குவமாக மறுத்துவிடுவது என்று முடிவெடுத்தேன். தனியாகப் போகப் பயந்து காக்காவையும் கூட்டிக்கொண்டு போனேன். மறுப்பதற்குத் தரகரோடு போனவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மாமி கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, இஞ்சி போட்ட பாலில்லாத் தேத்தண்ணீர், பிளேன்ரீ, அனுப்பினார். "மாமி, எனக்கு இப்ப கந்தோரில வேலை கூட..." என்று தொடங்கினேன்.

குசினிக்குள் இருந்து ஒரு குரல் வந்தது. "உம்மா, அவரை ஏன் கஷ்டப்படுத்துறீங்க. வீடு இல்லாத இடத்தில மாப்பிள்ளை எங்க குந்துற? எழும்பிப் போகச் சொல்லுங்க. பிளேன்ரீயக் குடிச்சிட்டுப் போகட்டும், சீனி போட்டிரிக்கி."

பிறகு அந்தக் குரல் சிரித்தது. கோபமாகச் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்துத்தான் சிரித்தது. வளவு நிறைந்தது.

நான் பிளேன்ரீயைக் குடித்தேன். வெளியே வந்ததும், "காக்கா, எனக்குச் சம்மதம்" என்றேன். காய்ச்சலில் சொன்ன வார்த்தை என்று பிற்பாடு ஜெமீலா சொல்லுவாள்.

"எனக்குத் தெரியும்," என்றார் காக்கா. "இனி முகட்டைத் தேடுவம்."

நேரே ஹாஜியாரின் மில்லுக்குப் போனார், என்னையும் இழுத்துக்கொண்டு. நான் எதற்கு என்று கேட்டேன். சாமான் காட்டாமல் யாவாரம் பேச முடியாது என்றார்.

"ஹாஜியார், இவன்தான் மாப்பிள்ளை. ஒருக்கா நல்லாப் பாருங்க. இவனக் கொண்டுபோய் எந்த வகுப்பில படுக்க வைக்கிற?"

"எனக்கும் குமர் இரிக்கி காக்கா. நான் என்ன செய்ய?"

"உங்கட மகள்ட வீட்டுக் கூரையை ஊர் சேந்து போட்டுத் தந்தா?"

"போட்டுத் தந்தாலும், இந்த வீட்டுக்கு ரெண்டு மடங்கு தாறன் எண்டு வங்கி மனேஜர் ஒருத்தர் நிக்கிறார்."

"அவருக்கே குடுங்க. பல்கீஸ் எழும்புவா. ஆனா மில்லுக்குப் பின்னால உமி கொட்டுற வளவு இரிக்கே, அதப் பள்ளிவாசலுக்கு வக்ஃபு செய்யுங்க, தருமமாக் குடுங்க. வீடு இல்லாத குமருக்கு ஊர் அதில வீடு கட்டும். ஒருத்தரும் விக்கவும் ஏலா, வாடகைக்கு விட்டுச் சம்பாதிக்கவும் ஏலா."

அந்த வளவில் உமி ஒரு மலை மாதிரிக் குவிந்து கிடந்தது. ஆடுகூட மேயாத இடம். ஆனாலும் இடம் இடந்தான். அப்போதுதான் காக்கா தன் தொழிலின் உச்ச ஆயுதத்தை எடுத்தார்.

"ஹாஜியார், உங்கட மத்தப் பிள்ளைகளுக்கு எத்தின வயசு?"

ஊரில் ஒருவரும் பதில் சொல்ல முடியாத கேள்வி அது. வீட்டில் குமர் உள்ளவன் எவனும் கலியாணத் தரகரோடு பகைக்க மாட்டான். ஹாஜியாருக்கு மூத்தவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். அடுத்த ஜும்ஆத் தொழுகை முடிய, பள்ளி நிர்வாகத்து மரைக்கார்மார் எல்லாரும் கேட்க, உமி வளவு அல்லாஹ்வுக்கு என்று அவர் வாயால் சொன்னார். கொஞ்சம் மெதுவாகத்தான் சொன்னார். பின்வரிசையில் இருந்து காக்கா, "கேக்கல்ல" என்றார். இரண்டாம் தரம் ஊருக்கே கேட்டது.

அதற்குப் பிறகு அந்தக் கேள்வி தெருத்தெருவாகப் போனது. சீமெந்துக் கடைக்காரர் சரக்கில்லை என்றார். "உங்கட பிள்ளைக்கு எத்தின வயசு?" சரக்கு வந்தது. லொறிக்காரர் டயர் இல்லை என்றார். அதே கேள்வி. டயர் முளைத்தது. எங்கள் கந்தோர் எஞ்சினியருக்கு மூன்று குமர்கள். அவரிடம் கேட்கவே தேவைப்படவில்லை, காக்காவின் ஹோன் சத்தம் கேட்டதும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மண்வெட்டியோடு வெளியே வந்துவிட்டார். ஆண்பிள்ளைகளை மட்டும் பெற்ற ஒரு கடைக்காரர் நமக்கென்ன என்று இருந்தார். "அப்ப உங்கட அஞ்சு பேருக்கும் வீடு வாணாமோ?" என்றார் காக்கா. மறுநாள் அந்த ஐந்து பேரும் கல் சுமந்தார்கள்.

முதலில் ஹாஜியார் மகளின் கூரை. ஒரு வாரத்தில் ஏறியது. பிறகு உமி வளவு. அந்த மலையை என்ன செய்வது என்று எல்லாரும் தலையைச் சொறிந்தபோது, செங்கல் சுடுகிற ஒருவர், "எனக்கு எரிக்க உமிதானே வேணும்" என்றார். குளத்து மண்ணை அங்கேயே கொண்டுவந்து அறுத்து, அங்கேயே சூளை வைத்து, அந்த உமியாலேயே சுட்டார்கள். நிலமும் வெளித்தது, கல்லும் கிடைத்தது. காற்றில் பறந்த உமியால் ஊர் முழுக்க ஒரு மாதம் தும்மியது. டொக்டர் வீட்டுக் கூரை அந்தத் தும்மலுக்கும் நின்றது.

கலியாணத்துக்குப் பரிசாகக் கோப்பை பீரிசு கொண்டு வருகிறவனுக்குச் சோறில்லை என்று காக்கா அறிவித்திருந்தார். ஆகவே தென்னோலைக் கிடுகு வந்தது, கயிறு வந்தது, கதவுப் பிணைச்சல் வந்தது. ஒருவர் நல்ல ஜன்னல் ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார். பக்கத்தில் நின்றவர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது சூறாவளிக்குப் போன என்ட ஜன்னல்" என்றார். கொஞ்ச நேரம் இருவரும் ஜன்னலைப் பார்த்தார்கள். "சரி, ரெண்டு பேரும் குடுத்ததா இரிக்கட்டும்" என்று முடிவாயிற்று.

மர வேலை பாண்டிருப்புக் கந்தையா ஓடாவியாருடையது. அவருடைய மகளுக்குத் தம்பிலுவிலில் மாப்பிள்ளை தேடிக் கொடுத்தவர் நம் காக்காதான். சாதகம் வாசிக்கத் தெரியாது, ஆனால் இரண்டு வீட்டு முகட்டையும் பார்த்துப் பொருத்தம் சொன்னார், பொருந்தியும் போனது. ஓடாவியார் தன் வளவிலேயே கூரைச் சட்டத்தைக் கோத்தார். விழுந்த தென்னைகள் கைமரங்களாயின. ஆணிக்குத் தட்டுப்பாடு, அதனால் எல்லாவற்றுக்கும் மர ஆப்பு. முகட்டு வளைக்கு மட்டும் ஏற்ற நீளத்தில் நல்ல மரம் அகப்படவில்லை. ஒரு காலையில் வண்டியில் காக்கா ஒரு மரத்தைக் கொண்டுவந்து இறக்கினார். காரைதீவு வயலில் சேற்றில் கிடந்து அடையாளம் கண்ட அதே மரம்.

"காக்கா, அப்ப உங்கட வீட்டுக்கு?" என்று கேட்டேன்.

"எனக்கு என்னத்துக்கு மனே முகடு. பெண்சாதியா இரிக்கா, பாத்துச் சண்ட புடிக்க."

அவர் கலியாணம் முடிக்கவில்லை என்பதை அன்றைக்குத்தான் நான் யோசித்துப் பார்த்தேன்.

எல்லாம் சரியாகப் போனால் எனக்குப் பயம் வரும். பெருநாளுக்கு அடுத்த வெள்ளி, பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு மாப்பிள்ளை ஊர்வலம் என்று நாள் வைத்தார்கள். பெருநாள் தவணையை ஹாஜியார் அதுவரை நீட்டினார், அன்றைக்கே மாமி பழைய வீட்டுத் திறப்பைக் கொடுக்க வேண்டும். கூரைச் சட்டத்தை அதற்கு முதல் நாட்களில் கழற்றிக் கொண்டுவந்து பூட்டுவதாக ஏற்பாடு. இடையில் மாரியின் முதல் மழை பெய்தது. அது நின்றதும் ஓடாவியார் தலையில் கை வைத்துக்கொண்டு வந்தார்.

"காக்கா, ஆப்பெல்லாம் ஊதிட்டுது. இனிக் கழட்ட ஏலா. கழட்டினா விறகுதான்."

"கழட்டாதீங்க."

"மறுகா எப்பிடிக் கொண்டு போற?"

"மாப்பிள்ளையக் கொண்டு போற மாதிரித்தான். வெள்ளிக்கிழமை ஆக்கள் சும்மாதானே வாறாங்க, தூக்கச் சொல்லுவம்."

இந்த உரையாடலை யாரும் எனக்குச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் நான் ராத்தா வீட்டு மண்டபத்தில் கோட்டும் துருக்கித் தொப்பியுமாக உட்கார்ந்திருந்தேன். அஸர் முடிந்தது. ஒருவரும் வரவில்லை. பைத்துப் பாடுகிறவர்கள் வரவில்லை, கோலாட்டம் ஆடுகிற பொல்லடிக்காரர் வரவில்லை, என் கந்தோரிலிருந்து ஒரு பியோன்கூட வரவில்லை. கலியாணப் பதிவான காவினை எழுத வந்த லெப்பை தேத்தண்ணீருக்கு மேல் தேத்தண்ணீர் குடித்தார். வாப்பா வாசல் கடப்படிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "தெருவில ஒரு குஞ்சும் இல்ல மனே" என்றார்.

ஊர் என்னைப் பற்றி என்னவோ கண்டுபிடித்துவிட்டது என்று நினைத்தேன். என்னிடம் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது என்றும் நினைத்தேன். ஒன்றுமில்லை என்பதைத்தான் கண்டுபிடித்தார்களோ என்றும் பயந்தேன். கோட்டுக்குள் வியர்வை வாய்க்காலாக ஓடியது; காகிதத்தில் ஓடாத வாய்க்கால்.

அப்போது தூரத்தில் கேட்டது. பாம், பாம்.

வெளியே ஓடினேன். பிரதான வீதியில் ஒரு கூரை நடந்து வந்துகொண்டிருந்தது.

ஐம்பது அறுபது தோள்கள் அதன் கீழே இருந்தன. பாண்டிருப்பு ஆட்கள், கல்முனை ஆட்கள், பைத்துப் பாடுகிறவர்கள், தடிகளை இடுப்பில் செருகிக்கொண்ட பொல்லடிக்காரர், எஞ்சினியர், டொக்டர், ஐந்து ஆண்பிள்ளைகளைப் பெற்ற கடைக்காரர். முகட்டின் உச்சியில் குதிரையில் இருக்கிற மாதிரி முகட்டுக் காக்கா இருந்தார், கையில் சைக்கிள் ஹோன்.

"இறங்குங்க காக்கா," ஓடாவியார் கீழே ஓடிவந்தபடி கத்தினார், "வளை ஒடியும்."

"இது என்ட வளை. எனக்கு ஒடியாது. மாப்பிள்ளையக் கூப்புடு."

எங்கள் கலியாணங்களில் மாப்பிள்ளைக்கு மேலே நாலு பேர் துணியால் மேற்கட்டி பிடித்துக்கொண்டு போவது வழக்கம். அந்தத் துணியைக் கைமரங்களுக்குக் கீழே இழுத்துக் கட்டியிருந்தார்கள். என்னைத் தள்ளி அதற்குள் விட்டார்கள். தன் வீட்டுக் கூரைக்குக் கீழே நடந்து நடந்தே தன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த மாப்பிள்ளை இந்த உலகத்தில் நான் ஒருவன்தான். அந்தப் பெருமை இப்போது வருகிறது. அப்போது, தோள் ஒன்று வழுக்கினால் என் நிக்காஹ்வும் ஜனாஸா அடக்கமும் ஒரே ஊர்வலமாகிவிடும் என்று மட்டுந்தான் தோன்றியது. வாய் பைத்துப் பாடியது, மனசு கலிமாச் சொன்னது.

பொத்துவிலில் இருந்து வந்த பஸ் ஒன்று எங்களுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. சாரதி முதலில் ஹோன் அடித்தார். காக்கா திருப்பி அடித்தார். காக்காவுடையது பெரிது. பிறகு கொண்டக்டர் இறங்கி, "எல்லாரும் இறங்குங்க, தூக்கினாத்தான் நாமளும் போகலாம்" என்றார். பயணிகள் இறங்கித் தோள் கொடுத்தார்கள். அறுகம்பேயில் அலை விளையாடிவிட்டுத் திரும்பிய வெள்ளைக்காரன் ஒருவன், தன் பலகையைப் பஸ்ஸிலேயே வைத்துவிட்டு ஒரு மூலைக்கு வந்து நின்றான். ஆள் பனை உயரம். அவன் நின்ற மூலை மட்டும் ஒரு முழம் மேலே போயிற்று. "இறக்கு, இறக்கு" என்று ஓடாவியார் கத்த, அவன் அதை உற்சாகம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் உயர்த்தினான்.

மழை இருட்டிக்கொண்டு வந்தது. மில் வாசலுக்கு வந்தோம். நின்றோம்.

உமி வளவுக்குப் போக ஒரே வழி ஹாஜியாரின் மில் கேற். இரண்டு பக்கமும் புதிதாகக் கட்டிய சீமெந்துத் தூண். கூரை தூண்களின் இடைவெளியை விட அகலம். நல்ல அகலம். இவ்வளவு காலமும் முகட்டை அளந்தவர், கைமரத்தை அளந்தவர், கேற்றை அளக்கவில்லை. மேலேயே பார்த்துத் திரிந்த மனிதருக்குப் பக்கவாட்டில் பார்க்கத் தோன்றவில்லை.

கேற்றுக்குள்ளே சுவர்கள் கூரையில்லாமல் நின்றன. அவற்றின் நடுவில் பல்கீஸ் மாமியின் பானை சட்டியும் தையல் மிசினும் இருந்தன, பக்கத்தில் மூடிய வண்டிலில் கலியாணப் பெண் இருந்தாள். பழைய வீட்டின் திறப்பைக் காலையிலேயே கொடுத்தாயிற்று. அங்கே வங்கி மனேஜரின் கட்டில்கள் இறங்கிவிட்டன. மழை முதல் துளிகளைப் போட்டது. போன வருடத்துக் காற்றை நினைத்து எல்லாரும் ஒருமுறை வானத்தைப் பார்த்தார்கள். தோள்கள் நடுங்கத் தொடங்கின.

காக்கா முகட்டில் இருந்து இறங்கினார். முதல்முறையாக அவர் தலை குனிந்திருந்ததை நான் கண்டேன். கேற் வாசலில் நின்ற ஹாஜியாருக்கு முன்னால் போய் நின்றார்.

ஹாஜியார் தூணைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். வண்டிலைப் பார்த்தார்.

"கேக்காத," என்றார். "ரெண்டு குமர் இரிக்கி, எனக்குத் தெரியும். அலவாங்கைக் கொண்டு வாங்கடா."

முதல் இடியை அவரே இடித்தார். வெள்ளைச் சட்டையோடு, பெரிய வயிற்றோடு, தான் கட்டிய தூணைத் தானே. இரண்டாவது தூணைப் பஸ் சாரதி இடித்தார். தூண் சரிந்தபோது பெண்கள் போட்ட குரவை பாண்டிருப்புக்குக் கேட்டிருக்கும். கூரை உள்ளே போனது, சுவரில் ஏறியது. ஏறியதும் நூறு கைகள் கிடுகை வீசின, நூறு கைகள் கட்டின. மழை கொட்டத் தொடங்கியபோது நான் பாயில் உட்கார்ந்திருந்தேன், லெப்பை காவின் எழுதிக்கொண்டிருந்தார், தாளில் ஒரு துளி விழவில்லை. உள்ளே அறைக்குள் அந்தச் சிரிப்புக் கேட்டது. வெளியே வெள்ளைக்காரன் வாழையிலையைத் தலையில் பிடித்துக்கொண்டு பிரியாணி சாப்பிட்டான்.

வெள்ளைக்காரனின் மூலையில் ஒரு கைமரம் சரிந்திருந்ததை அடுத்த நாள் காலைதான் கண்டோம். காக்கா கண்டார். அண்ணாந்து பார்த்து, "அது கோணல்" என்றார்.

உமி வளவில் அடுத்த வருடம் இரண்டாவது வீடு எழும்பியது, பிறகு மூன்றாவது. அங்கே வீடு கிடைத்தவர்கள் அடுத்த வீட்டுக்கு உடம்பால் உழைக்க வேண்டும் என்பது ஒரே வாடகை. யுத்தம் வந்து நாடு கெட்டு, ஓடாவியாருக்கு எங்கள் பக்கம் வருவது கஷ்டமான காலத்திலும் யாரிடமாவது ஆப்புகளைச் சீவிக் கொடுத்தனுப்பிவிடுவார். ஆட்களுக்குப் போக ஓர் இடம் இருந்ததும் ஊரில் வாடகையும் இறங்கியது. ஹாஜியாரின் பழைய வீட்டுக்கு இரண்டு மடங்கு கொடுத்த மனேஜரே ஒரு நாள் வந்து குறைக்கச் சொன்னார். ஹாஜியார் குறைத்தார். உடைந்த கேற்றை ஹாஜியார் கட்டவே இல்லை. "இன்னும் எத்தின கூரை வருமோ" என்பார். ஆனால் ஓடாவியாருக்குச் சொல்லி, அதற்குப் பிறகு எல்லாக் கூரையையும் வளவுக்குள்ளேயே கோக்க வைத்தார்.

கடைசி வீட்டைக் காக்காவுக்கு என்று கட்டக் கேட்டோம். "ஆம்புளைக்கு வீடா? ஊர் சிரிக்கும்" என்று மறுத்துவிட்டார். ஆகவே உமி வளவு வீடுகளின் பெண்கள் கூடி, அவரை முறை வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். ஒரு வீட்டில் சோறு, ஒரு வீட்டில் பாய். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் அண்ணாந்து ஒரு குறை சொல்லிவிட்டுத்தான் சாப்பிடுவார். எங்கள் வீட்டில் எப்போதும் அதே குறைதான். "மனே, அந்தக் கைமரம் கோணல். நிமித்து." "ஓம் காக்கா, நாளைக்கு." மவுத்தாவதற்குச் சில நாள் முன்னர் எங்கள் மண்டபத்தில் படுத்திருந்தபோதும், தன் சொந்த முகட்டு வளையைப் பார்த்துக்கொண்டு அதையே சொன்னார்.

போன மாதம் கிடுகை எடுத்துவிட்டு ஓடு போட்டோம். புதிய ஓடாவி மேலே ஏறி, சரிந்த கைமரத்தைக் கண்டு, நிமிர்த்தட்டுமா என்று கேட்டார்.

கை வைக்க வேண்டாம் என்றேன். வந்து அண்ணாந்து பார்த்தால் காக்காவுக்குச் சொல்ல ஏதாவது இருக்க வேண்டும்.